ஆண்டிறுதிக் கணக்கில் விடுபட்டுப்போகும் இனம்

மார்கழி பிறந்ததும் பட்டியல்களின் காலம் தொடங்கிவிடுகிறது. இவ்வாண்டு வெளிவந்தவற்றுள் சிறந்த நாவல்கள் எவை, கவனம் பெறாமல் போன சிறுகதைத் தொகுப்புகள் எவை, படித்து முடித்தவை எத்தனை என்று இலக்கிய அன்பர்கள் ஆளுக்கொரு கணக்கை முன்வைக்கின்றனர். தமிழில் இதற்கு நீண்ட மரபு உண்டு. க.நா.சு. வாழ்நாள் முழுவதும் பட்டியல் போட்டார். பட்டியல் போடுவதே விமரிசனம் ஆகிவிடுமா என்று அவரோடு சண்டையிட்டவர்களும் அப்பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் நூல்களைத் தேடினர். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போது பொங்கலையொட்டி நடைபெறுவதால், டிசம்பர்ப் பட்டியல்கள் நூல் வாங்குவோருக்கு வழித்துணையாகவும் ஆகிவிட்டன.

பட்டியல்கள்மீது நமக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. ஆனால் பணி ஓய்வு பெற்று, வரதராஜன்பேட்டை போன்றதொரு சிற்றூரில் நூல்களோடு எஞ்சிய காலத்தைக் கழிக்கும் வாசகருக்கு இந்தக் கணக்கு முறை பொருந்துமா என்பதே நமது ஐயம். வாங்கியது, படித்தது என்ற இரண்டு இனங்களோடு அது முடிந்துவிடுகிறது. ஓய்வு பெற்றவரின் ஏட்டில் மூன்றாவது இனம் ஒன்று இருந்தாக வேண்டும். இந்நூல்கள் நமக்குப்பின் எங்கே போகும் என்பதே அது. அதை எழுதாமல் மூடப்படும் ஆண்டிறுதிக் கணக்கு அரைகுறைக் கணக்கே என்று சொல்லத் துணிகிறோம்.

*

வேலையிலிருந்து விடுபட்டபின் படித்துக்கொள்ளலாம் என்று முப்பது ஆண்டுகள் நூல்களைத் தள்ளிவைத்தவர்கள் நம்மில் பலர். அந்த நாள் வந்தபின்தான் ஓய்வு என்பது ஒழிவு அன்று எனத் தெரிகிறது. விடிந்தால் பால், குடிநீர்க் குழாய், நியாயவிலைக் கடை. மாதத்தில் ஒருநாள் வங்கி. உயிரோடிருக்கிறோம் என்று கருவூலத்துக்கு மெய்ப்பிக்க ஆண்டுக்கொரு நேர்காணல். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க மருத்துவமனை வரிசை. கண்புரை அறுவை செய்துகொண்டால் சில வாரங்கள் எழுத்தோடு உறவே இல்லை. பேரப்பிள்ளைகள் வந்துவிட்டால் வீடே அவர்களுடையது. ஊர் அடங்கிய பின்னிரவும் விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரமும் மட்டுமே வாசகருக்கு மிஞ்சுகின்றன. படிக்கும் பக்கங்கள் குறைகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கும் நேரம் கூடுகிறது. எண்ணிக்கைப் பட்டியல் நம்மை விட்டு விலகிப்போவதற்கு முதற்காரணம் இதுவே.

வரதராஜன்பேட்டையில் டிசம்பருக்கென்று தனி நடை உண்டு. கத்தோலிக்கர் மிகுந்த ஊர். அலங்கார அன்னை ஆலயமும் டான் பாஸ்கோ பள்ளியும் ஊரின் அடையாளங்கள். இம்மாதத்தில் வீட்டு முகப்புகளில் நட்சத்திர விளக்குகள் ஏறுகின்றன. குடில் கட்டுவதற்குப் பிள்ளைகள் வைக்கோலும் களிமண்ணும் திரட்டுகின்றனர். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வேலை பார்ப்போர் பண்டிகைக்கு வீடு வந்து சேர்கின்றனர். ஊருக்கு வெளியே செம்மண் கொல்லைகளில் முந்திரி பூவெடுக்கும் பருவமும் இதுதான். டிசம்பர் 31ஆம் நாள் இரவில், கழிந்த ஆண்டுக்கு நன்றி கூறும் வழிபாட்டுக்கு ஊரே ஆலயத்தில் கூடுகிறது. பெற்றவற்றை நினைத்துப் பார்த்து, அவை நம்முடையவை மட்டுமல்ல என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் அது. எம்மதத்தைச் சேர்ந்த வாசகருக்கும் அது பொருந்தும்.

*

ஓய்வு பெற்றவர்கள் புதியவற்றைப் படிப்பதில்லை, பழையவற்றையே திரும்பத் திரும்ப எடுக்கின்றனர் என்பது பரவலான குற்றச்சாட்டு. இதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. முதல் வாசிப்பில் நூலை மட்டும் படிக்கிறோம். பிந்தைய வாசிப்பில் நூலையும் வாழ்க்கையையும் அருகருகே வைத்து ஒத்துப்பார்க்கிறோம். அதற்கு நூல் பழையதாகியிருக்க வேண்டும். நமக்கும் வயதாகியிருக்க வேண்டும்.

கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' 1999இல் வெளிவந்தது. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்தவர் அவர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையில் வேலை பார்த்தபடி எழுதியவர். மாப்பிள்ளை என்று ஒருவனைக் காட்டி வேறொருவனுக்கு மணமுடிக்கப்பட்ட பெண்ணின் பாடு அந்நாவல். வெளிவந்த நாளில் அதை ஓர் அவலக் கதையாகப் படித்தோம். இன்று அதே பக்கங்களைத் திருப்பும்போது, மாசி பங்குனியில் கொல்லையில் கொட்டை பொறுக்கும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு காதில் விழுகிறது. அவர்களுள் எத்தனை அஞ்சலைகள் இருந்தனர் என்று எண்ணிப்பார்க்க இப்போதுதான் நேரம் வாய்த்திருக்கிறது. அவரே தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' 2007இல் வந்தது. அதிலுள்ள சில சொற்களை நம் தெருவில் எழுபதைக் கடந்தவர்கள் மட்டுமே இன்று வழங்குகின்றனர். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தால், எந்தச் சொல் இன்னும் உயிரோடிருக்கிறது என்று ஒரு மாலைப் பொழுதில் அறிந்துகொள்ளலாம். அடுத்த பத்தாண்டுகளில் அப்படிக் கேட்டறிய ஆளிருக்க மாட்டார்கள்.

இவ்வாண்டு நாம் மீண்டும் எடுத்த மற்றொரு நூல் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. இப்பகுதி வாசகருக்கு அது வெறும் தன்வரலாறன்று, உள்ளூர் வரலாறு. 1855இல் பிறந்த அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று சேர்ந்தது 1871இல். அதற்கு முந்தைய கல்வியின் பெரும்பகுதி நம் மண்ணில் நடந்தது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று அச்சிறுவன் ஆசிரியர்களைத் தேடி நடந்தான். இசைவாணரான தந்தை வேங்கடசுப்பையர் மகனின் படிப்புக்கு வழி தேடிக் குடும்பத்தையே ஊர் ஊராகப் பெயர்த்துச் சென்றார். நன்னூல் பாடம் ஓரிடம், காரிகைப் பாடம் வேறிடம். ஒரு நூலைக் கற்பிக்க வல்லவர் எங்கிருக்கிறார், அந்நூலின் படி யாரிடமிருக்கிறது என்பவை ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தையே தீர்மானித்த காலம் அது.

ஓய்வு பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தியும் அவர் வாழ்வில் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து 1919இல் அவர் ஓய்வு பெற்றார். 'பெருங்கதை'யை 1924இலும் 'குறுந்தொகை'யை 1937இலும் பதிப்பித்தார். 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல், எண்பத்தைந்தை நெருங்கிய வயதில். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. ஆனால் அவர் திரட்டிய ஏடுகளும் நூல்களும் சிதறவில்லை. 1943இல் அவர் பெயரால் அமைந்த நூலகம் அவற்றைக் காத்துவருகிறது. முடிக்கப்படாத நூலைவிட, சிதறாமல் நின்ற அந்தச் சேகரமே இவ்வாண்டு நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது.

*

அந்நூலில் மறக்கவியலாத பகுதி ஒன்றுண்டு. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு அவர் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதியாக நெருப்பிலிட்டுவிட்டதாகக் கேள்விப்படுகிறார். செய்தவர்கள் தமிழ்ப் பகைவர் அல்லர். சிதைந்த ஏட்டை அவ்வாறு கரையேற்றுவதே முறையென்று நம்பியவர்கள். பக்தியோடுதான் எரித்தனர்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31ஆம் நாள் இரவில் தீக்கிரையானதையும், ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்ததையும் தமிழுலகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் தீயின்றி, புகையின்றி, எவர் மனமும் பதறாமல் நடைபெறும் அழிவு ஒன்று ஒவ்வோர் ஆண்டும் நம் வீடுகளில் நிகழ்கிறது. வாசகர் ஒருவர் மறைகிறார். பிள்ளைகள் சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ பத்துநாள் விடுப்பில் வருகின்றனர். காரியம் முடிகிறது, அல்லது முப்பதாம் நாள் பூசை முடிகிறது. வீட்டை வாடகைக்கு விட வேண்டும், அல்லது விற்க வேண்டும். அலமாரிக்கு விலை உண்டு. அதிலிருப்பவற்றுக்கு எடை மட்டுமே உண்டு. பழைய பேப்பர்க்காரரின் தராசு ஒரு மணி நேரத்தில் நாற்பதாண்டுச் சேகரத்தை அளந்துவிடுகிறது. அப்பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களும் கரிவலம்வந்தநல்லூர்க்காரர்களைப் போலத் தமக்குத் தெரிந்த முறைப்படியே செய்கின்றனர். எது அரியது, எது யாருக்குப் பயன்படும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்திருக்க வேண்டியவர் நூல்களின் உரிமையாளரே.

முதலில் அழிவன எவை என்பதையும் கவனிக்க வேண்டும். தடித்த அட்டையிட்ட கம்பராமாயணத்தையும் பொன்னியின் செல்வனையும் எவரேனும் ஒருவர் எடுத்து வைத்துக்கொள்வார். அவை அழிந்தாலும் இழப்பில்லை, கடையில் கிடைக்கும். மெலிந்தவை, அட்டை கிழிந்தவை, பெயரறியாதவை தராசுக்குப் போகின்றன. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து' மொத்தம் 119 இதழ்கள். 'தீபம்' 1965இல் தொடங்கி 1988 வரை வந்தது. இத்தகைய இதழ்களுக்குச் சந்தா கட்டிப் படித்தோர் பெருநகரங்களில் மட்டும் இருக்கவில்லை. பள்ளி ஆசிரியர்களாகவும் அஞ்சல் ஊழியர்களாகவும் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

உள்ளூர் வெளியீடுகளின் நிலை இன்னும் மோசம். ஆலய வெள்ளிவிழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், கத்தோலிக்க ஊர்களில் நடிக்கப்பட்ட வாசகப்பா நாடகங்களின் கையெழுத்துப் படிகள், திருவிழாத் துண்டறிக்கைகள், கூத்து நோட்டீசுகள் ஆகியவை எந்த ஆண்டிறுதிப் பட்டியலிலும் இடம்பெறா. இவற்றுக்கு இரண்டாம் பதிப்பும் கிடையாது. அச்சடித்த சில நூறு படிகளுள் ஒன்றேனும் எஞ்சியிருப்பது ஏதோவொரு வீட்டுப் பரணில்தான். வீட்டுப் பெண்கள் வார இதழ்களிலிருந்து வாரந்தோறும் கிழித்தெடுத்துக் கட்டடம் செய்து வைத்த தொடர்கதைகளும் அங்கேதான் கிடக்கின்றன. ஓவியங்களோடும் விளம்பரங்களோடும் கதை முதலில் வெளிவந்த வடிவம் அது. பின்னாளில் வந்த நூற்பதிப்புகளில் அது கிடைக்காது.

பழைய சந்தா உறைகூட ஒரு வரலாற்றுச் சான்றாகும். நம் ஊர் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் தனியானது. வீடு நகரவில்லை, வாசல் மாறவில்லை. இதழ்களின் உறைமீது மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டேயிருந்தது. ஒரு பகுதியின் நிர்வாக வரலாறு ஒரு வாசகரின் அஞ்சல் கட்டில் இருக்கிறது. அதை எடைக்குப் போட்டால் கிலோவுக்குச் சில ரூபாய்.

*

இதற்கு மாற்று என்ன என்று கேட்கலாம். முன்னோடிகள் இருக்கின்றனர். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். நூல்களோடு நாடக விளம்பரத் தாள்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தவர். 1992இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அச்சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி என்னும் ஆசிரியத் தம்பதியர் தம் சொந்தப் பணத்தில் ஞானாலயாவை உருவாக்கினர். நமக்கு அண்மையில் விருத்தாசலத்தில் பல்லடம் மாணிக்கம் தமிழ் நூல் காப்பகம் அமைத்தார். இவர்களுள் எவரும் பெருஞ்செல்வர் குடியில் பிறந்த புரவலர் அல்லர். வாசகர்கள், அவ்வளவுதான்.

எனினும் இவர்களை முன்னிறுத்தும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. லட்சம் நூல்கள் சேர்த்தவர்களைப் பார்த்துவிட்டு, ஐந்நூறு அறுநூறு வைத்திருப்பவர் தம்முடையது சேகரமே அன்று என எண்ணி ஒதுங்கிவிடுகிறார். நம் அக்கறை அந்த அறுநூறு நூல்களைப் பற்றியது. பெருஞ்சேகரங்களுக்கு எப்படியேனும் ஒரு நிறுவனம் வந்து சேரும். சிறு சேகரங்களுக்கு உரிமையாளரை விட்டால் வேறு நாதியில்லை.

பொது நூலகத்திடம் கொடுத்துவிடலாமே என்பது முதலில் தோன்றும் விடை. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது, ஆண்டு 1948. வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். ஆகவே நூலகம் நம் சொத்து, அதில் ஐயமில்லை. ஆனால் நடைமுறை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை நூலகத்துக்கு நாம் சில நூல்களைக் கொண்டு சென்றோம். நூலகர் அன்போடு வரவேற்றார். அன்போடு தம் அலமாரிகளையும் காட்டினார். ஏற்கெனவே வந்த நூல்கள் கட்டுப் பிரிக்கப்படாமல் தரையில் கிடந்தன. வகைப்படுத்தவும் பதிவேட்டில் ஏற்றவும் அவர் ஒருவரே இருந்தார். இடமும் ஆளுமில்லாத நூலகத்தின் வாசலில் நான்கு மூட்டைகளை இறக்கிவிட்டு வருவது கொடை ஆகாது. நம் வீட்டுச் சுமையை இன்னொருவர் தலைக்கு மாற்றுவது அது. 2006ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் கட்டப்பட்ட சிற்றூர் நூலகங்களில் பல பிற்பாடு பூட்டிக் கிடந்த கதையும் நாமறிந்ததே. கட்டடமும் நூலும் இருந்தன. இரண்டையும் வாசகரோடு இணைக்கும் ஆள் இல்லை.

இந்த இணைப்பைத்தான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் தம் நூலகவியல் விதிகளுக்கு அடிப்படையாகக் கொண்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் ஒருவர் எங்கோ இருக்கிறார், அவரிடம் அதைச் சேர்ப்பதே நூலகப் பணி என்பது அவ்விதிகளுள் ஒன்றன் கருத்து. அவ்விதிகளை அவர் நூலாக வெளியிட்ட 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வாசகர் வரட்டும் என்று காத்திராமல் நூல் புறப்பட்டுப் போயிற்று. 2022இல் தமிழக அரசு தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டமும், நூலகத்துக்கு வர இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர் வழியாக நூல் கொண்டு சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது. நடமாட முடிந்த ஓய்வு பெற்றோர் அத்திட்டத்தில் நூல் பெறுபவராக அன்றி, நூல் சுமப்பவராகச் சேரலாம் என்பது நமது கருத்து.

*

ஆகவே நாம் முன்வைப்பது இதுதான். ஆண்டு முடிவதற்குள் அலமாரியை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதலாவது, கடையில் மீண்டும் கிடைக்கக்கூடிய நூல்கள். இவற்றை நாம் உயிரோடிருக்கும்போதே, கையிலிருந்து கைக்குக் கொடுத்துவிட வேண்டும். பொத்தாம்பொதுவாக அல்ல, பெயர் குறித்து. வரலாறு படிக்கும் கல்லூரி மாணவிக்குச் சோழர் வரலாறு. கவிதை எழுதிப் பார்க்கும் பள்ளி ஆசிரியருக்குப் பாரதி. கொடுக்கும்போது முதற்பக்கத்தில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தால், திருப்பித் தர வேண்டியதில்லை என்ற நிம்மதியும், படித்தாக வேண்டும் என்ற கடனும் ஒருசேர அவருக்கு உண்டாகின்றன. பண்டிகைக்கு ஊர் திரும்பும் இளையோர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இம்மாதத்தில்தான்.

இரண்டாவது, வேறெங்கும் கிடைக்காதவை. சிற்றிதழ்கள், மலர்கள், துண்டறிக்கைகள், கையெழுத்துப் படிகள், கட்டடம் செய்த தொடர்கதைகள். இவற்றை எவருக்கும் இரவல் தரலாகாது, எடைக்கும் விடலாகாது. மேலே கூறிய ஆய்வு நூலகங்களுக்கோ, மின்படியாக்கும் அமைப்புகளுக்கோ எழுதிக் கேட்டு ஒப்படைக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து எழுத்துகளுக்காக 2005 முதல் இயங்கிவரும் நூலகம் திட்டமும் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. ஒரே ஓர் இதழ் இல்லாமல் ஒரு தொகுதி குறைபட்டு நிற்கலாம். அந்த ஓர் இதழ் நம் பரணில் இருக்கலாம்.

மூன்றாவது, நாம் விட்டுப் பிரிய மனமில்லாதவை. இருபதோ முப்பதோ இருக்கும். அவை நம்முடனேயே இருக்கட்டும். ஆனால் அவற்றுக்கும் ஒரு தாளில் பெயர் எழுதி, யாருக்கு என்று குறித்து, ஓய்வூதியப் புத்தகமும் வீட்டுப் பத்திரமும் வைத்திருக்கும் பெட்டியில் வைத்துவிட வேண்டும். நிலத்துக்கும் நகைக்கும் உயில் எழுதுகிறோம். நூலுக்கு ஒரு தாள் எழுதுவதில் அமங்கலம் எதுவுமில்லை.

இதை மறுப்போரும் உண்டு. எல்லாம் மின்வடிவில் வந்துவிட்டபோது காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்பர் சிலர். எல்லாம் வந்துவிடவில்லை என்பதே விடை. மின்வடிவாவதற்கும் எங்கோ ஒரு காகிதப்படி எஞ்சியிருந்தாக வேண்டும். நூல்களை இழந்தபின் வாழ்வில் என்ன பிடிப்பு என்பர் வேறு சிலர். இது வலியுள்ள வாதம். எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. நாற்பதாண்டு துணையிருந்தவற்றை அனுப்பிவிட்ட வெற்றுத் தட்டைப் பார்ப்பது கடினமே. ஆனால் கொடுத்த நூலைப் பற்றிப் பேச ஒருவர் வாசலுக்கு வருகிறார் அல்லவா? அலமாரியிலிருந்த நூல் நம்மோடு பேச நாம்தான் எடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த நூல் ஆளாகவே திரும்பி வருகிறது. ஓய்வு பெற்றவர் வீட்டுக்கு இளையவர் ஒருவர் வலிய வருவது இக்காலத்தில் சிறு நிகழ்வன்று. இவ்வாண்டு நாம் கொடுத்தவை ஐம்பதுக்குள்தான். அவற்றின் பொருட்டு வந்து சென்றவர்களோடு பேசிய மாலைகள், படித்த நூல்கள் எவற்றுக்கும் குறைந்தவை அல்ல.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் மறு ஆண்டே கன்று நட்டவர்களுள் அறுபதைக் கடந்த உழவர்களும் இருந்தனர். பலா காய்க்கும்போது தாம் இருப்போமா என்று அவர்கள் கணக்குப் பார்த்திருந்தால் அக்கொல்லைகள் இன்றும் வெறும் செம்மண்ணாகவே கிடந்திருக்கும். மரம் நடுவோருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு நூல் சேர்ப்போருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை நூல்கள் படித்தோம் என்பதை இந்த ஆண்டிறுதியில் எண்ண வேண்டியதில்லை. எத்தனை நூல்களுக்கு அடுத்த வாசகரைக் கண்டுபிடித்தோம் என்று எண்ணுவோம். அந்த எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் குற்றமில்லை, தொடங்கியிருந்தால் போதும்.